ஆவிப் படத்துக்குச் சாயல் சொல்பவர்

இறந்துபோனவர்களின் முகத்தை ஆவியிடமே கேட்டு எழுதித் தருகிற சித்திரக்காரர்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டி ஜொகூருக்குள் அவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களைத் திட்டப்போகிறேன் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாந்துபோவீர்கள். ரப்பர் விலை விழுந்து கிடக்கிற காலத்தில் ஒரு மனிதன் கரித்துண்டை வைத்துக்கொண்டு பிழைக்கிறான், பிழைத்துப் போகட்டும். நான் சொல்லவந்த பிராணி வேறு. சித்திரக்காரர் தாளைத் திருப்பிக் காட்டியதும், அழுகிற குடும்பத்தாரையும் முந்திக்கொண்டு, கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கி, "அவரேதான்" என்று முதல் ஆளாகச் சொல்லுகிறாரே, அவர். சாயல் சொல்பவர்.

இவர் இல்லாவிட்டால் ஆவி வராது. வந்தாலும் வேறு வீட்டு ஆவி என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இவருக்கு இது பிறவிக் குணம். பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனால், துணிக்குள் சிவப்பாகச் சுருண்டு கிடக்கிற அந்தச் சிறு பொட்டலத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூக்கு பாட்டனாருடையது என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். பாட்டனாரை இவர் கண்டதில்லை. பாட்டனார் செத்தபோது இவர் பிறந்திருக்கவும் இல்லை. அதனால் என்ன? ரயில் மேடையில் முன்பின் தெரியாத ஒருவரைப் பிடித்து, நீங்கள் மூவாரில் இருக்கிற இன்னாருடைய தம்பியல்லவா என்பார். இல்லை, எனக்கு அண்ணனே கிடையாது என்று அந்த மனிதர் சொன்னால், சாயல் சொல்பவர் வெட்கப்படுவார் என்றா நினைக்கிறீர்கள்? அவரை ஒரு மாதிரி இரக்கத்தோடு பார்ப்பார். பாவம், சொந்த அண்ணனைப் பற்றியே இவருக்கு விவரம் தெரியவில்லையே என்கிற இரக்கம்.

இப்படிப்பட்டவருக்கு ஆவிச் சித்திரம் என்று ஒன்று வந்து வாய்த்தால் எப்படி இருக்கும்? வேலை நடக்கிற விதத்தைச் சொல்லுகிறேன், கேளுங்கள். சன்னல்களைச் சாக்குப் போட்டு மறைப்பார்கள். சாம்பிராணிப் புகையில் பாதிப் பேர் இருமிக்கொண்டிருப்பார்கள். சித்திரக்காரர் பலகையில் தாளைக் குத்தி, கண்ணை மூடி, கரித்துண்டால் முட்டை வடிவத்தில் ஒரு கோடு இழுப்பார். மனித குலத்தில் ஏறக்குறைய முட்டை வடிவ முகம் இல்லாதவர் யார்? பிறகு இரண்டு கண், ஒரு மூக்கு. இதிலும் தவறு நேர வழியில்லை. மேலுதட்டுக்கு வந்ததும் கரித்துண்டு தாளைத் தொடாமல் அந்தரத்தில் நின்று நடுங்கும். ஆவி தயங்குகிறதாம். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிற அந்த நேரத்தில்தான் நம்மவர், தமக்குத் தாமே சொல்லிக்கொள்வதுபோல, அவருக்குக் கட்டை மீசையல்லவா என்று முணுமுணுப்பார். உடனே ஆவிக்குத் தன் மீசை ஞாபகம் வந்துவிடும். கரித்துண்டு கீழே இறங்கும். படம் முடிந்ததும், தாம் சொன்ன மீசையைத் தாமே கண்டு நம்மவர் திடுக்கிட்டுப் போவார். இது எப்படி இந்த ஆளுக்குத் தெரிந்தது என்று பக்கத்தில் இருப்பவர்களையெல்லாம் கேட்பார். நல்ல கேள்விதான். கேட்கவேண்டிய ஒரே ஆளை மட்டும் விட்டுவிட்டு ஊரெல்லாம் கேட்பார்.

இந்த இனத்தில் சிறந்த மாதிரி ஒருவரை உங்களுக்குக் காட்டுகிறேன். கூலாய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பெரிய கிராணியாராக, அதாவது தலைமைக் கணக்கராக, இருந்தவர், பெயர் ஏரம்பமூர்த்தி. யாழ்ப்பாணத்துக்காரர். ஆங்கிலத்தில் கடிதம் எழுதினால் வெள்ளைக்காரத் துரையே அகராதியைத் தேடுவார் என்று தோட்டத்தில் பேச்சு. அவர் நாக்கில் எப்போதும் ஒரு சொல் தயாராக இருக்கும்: அச்சொட்டு. அவர்கள் ஊரில் அச்சு அசலுக்கு அப்படித்தான் சொல்வார்கள். படத்தைப் பார்த்தார் என்றால் அச்சொட்டு. குழந்தையைப் பார்த்தார் என்றால் அச்சொட்டு. அந்தச் சொல் விழுந்துவிட்டால் அதற்குமேல் அப்பீல் கிடையாது. படித்தவர் சொல்கிறார், பெரிய கிராணியார் சொல்கிறார், அதற்குமேல் லயத்து வரிசை வீட்டில் இருக்கிற கூலிக்காரன் என்ன சொல்லிவிட முடியும்?

ஊரில் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்துக் காலம் தள்ளிய அவருடைய தகப்பனாரைச் சதாசிவம் என்கிற சித்திரக்காரர் எழுதித் தந்தபோது, படத்தில் கிழவர் கறுப்புக் கோட்டும் தலைப்பாகையும் கடிகாரச் சங்கிலியுமாக வந்து நின்றார். காரணம் எளியது. சதாசிவம் சிங்கப்பூரில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் படம் பெரிதுபண்ணும் வேலை பார்த்தவர். கழுத்துக்குக் கீழே அவருக்கு எழுதத் தெரிந்தது கோட்டு ஒன்றுதான். ஸ்டூடியோவில் என்னென்ன தட்டுமுட்டு இருந்ததோ, அவ்வளவும்தான் அவரைப் பொறுத்தவரை மேலுலகத்திலும் இருந்தது.

கிராணியாரின் மனைவி அன்னலட்சுமி அம்மாள் படத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "மாமா ஒருநாளும் கோட்டுப் போட்டதில்லையே."

"உமக்கென்ன தெரியும்? அங்கை குளிர்."

படம் கூடத்தில் ஏறிவிட்டது. மாலையும் விழுந்துவிட்டது. அன்று முதல் தம் தகப்பனாரை நினைக்கும்போதெல்லாம் கிராணியாருக்குக் கோட்டோடுதான் நினைவு வந்தது. துலா மிதித்த காலும் சேறு படிந்த வேட்டியும் எங்கே போயினவோ, யார் கண்டார்? ஒரு மனிதன் சொந்தத் தகப்பனையே இப்படி மாற்றிக்கொள்ளலாம். அது அவர் வீட்டு விஷயம், சிரித்துவிட்டுப் போகலாம். அடுத்தவர் வீட்டுச் செத்தவனுக்கும் இவர் சாயல் சொல்லப் புறப்பட்டதுதான் விவகாரம்.

அந்தத் தோட்டத்தில் அங்கம்மா என்று ஒருத்தி. பால்மரம் சீவுகிறவள். அவள் புருஷன் அர்ச்சுனன் குளிர்காய்ச்சலில் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கையில் ஒரு பெண் குழந்தை. புகைக்கூடத்தில் ரப்பர்த் தகடு காயவைக்கிற ஐயாசாமி அவளைக் கட்டிக்கொள்ளுகிறேன் என்றான். பத்து பாகாட் என்கிற ஊரில் அவனுக்கு வேறு வேலை கிடைத்திருந்தது; அடுத்த வாரம் லாரி ஏறவேண்டும். அவளுக்கும் சம்மதம். ஐயாசாமிக்குக் குழந்தையிடம் பிரியம், குழந்தைக்கு அவனிடம் அதைவிடப் பிரியம். இதில் மூன்றாவது மனிதருக்கு என்ன வேலை என்று உங்களுக்குத் தோன்றும். வேலை இருந்தது. அர்ச்சுனனுடைய பெரியப்பன் மகன் காளியப்பன் அந்தத் தோட்டத்துக் கங்காணி. அங்கம்மா அவர் ஆள்கட்டில் சேர்ந்தவள். ஆள்கட்டில் எத்தனை தலை வேலைக்கு நிற்கிறதோ அதற்குத் தக்கபடி கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. நன்றாக மரம் சீவுகிற தலை ஒன்று பத்து பாகாட்டுக்குப் போவதை எந்தக் கங்காணி விரும்புவார்?

ஆனால் அதை அப்படிச் சொல்ல முடியுமா? குலமானம் என்றார். தம்பி ஆத்மா என்றார். தம்பி சம்மதம் இல்லாமல் அவள் போனால் போகட்டும், பிள்ளை எங்கள் வீட்டு ரத்தம், அது என் வீட்டில்தான் இருக்கும் என்று பஞ்சாயத்தில் சொல்லிவிட்டார். பஞ்சாயத்தாரும் தலையை ஆட்டிவிட்டார்கள். செத்தவன் சம்மதத்தை எங்கே போய் வாங்குவது என்று அங்கம்மா கேட்டாள். அதற்குத்தான் சதாசிவம் வந்திருக்கிறாரே! முகம் சிரித்தால் சம்மதம். முகம் கடுத்தால் இல்லை. சாயல் சரிதானா என்று சொல்லக் கிராணி ஐயா இருக்கவே இருக்கிறார்.

இந்தக் காளியப்பனார் முதல் மனைவி போன மூன்றாம் மாதமே மறுபடி மாலை மாற்றிக்கொண்டவர். அப்போது அந்த அம்மாளின் ஆவியைக் கூப்பிட்டு யாரும் படம் எழுதவில்லை. எழுதவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றக்கூட இல்லை. ஆண் மறுமணம் செய்தால் ஆவிகள் ஆட்சேபிப்பதில்லை போலும்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் தோட்டத்துப் பள்ளிக்கூடக் கொட்டகையில் சாக்குகள் தொங்கின. லயமே திரண்டு வந்து உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் ஒரே ஒரு நாற்காலி, அதில் கிராணியார். பெண்கள் பக்கம் அங்கம்மா குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கங்காணி முந்தின நாளே சித்திரக்காரரைத் தனியாகக் கள்ளுக்கடைப் பக்கம் அழைத்துப் போயிருந்தார். அங்கே என்ன பேசினார்கள் என்பதைப் பிறகு படத்தின் புருவத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடிந்தது.

முட்டை வந்தது. கண் வந்தது. மீசைக்குக் கிராணியார் வழக்கம்போல உதவினார். கோட்டு தானாகவே வந்தது. அன்றைக்குச் சித்திரக்காரருக்கு உற்சாகம் மிகுதி. இடுப்போடு நிறுத்தாமல் கீழேயும் போனார். பக்கத்தில் ஒரு வட்ட மேசை முளைத்தது. மேசைமேல் பூப்பின்னல் விரிப்பு. அதன்மேல் கண்ணாடிச் சாடி, சாடியில் மலர்ந்த ரோஜாக்கள். கடைசியாகக் கரித்துண்டு மேலே ஏறிப் புருவம் இரண்டையும் நெரித்துவிட்டது. பால்மரத்தடியில் அரைத்துண்டோடு நின்றவன், யாரோ தன் மேசையில் காப்பியைக் கொட்டிவிட்டதுபோலக் கோபமாகப் பார்த்துக்கொண்டு, கோட்டும் சூட்டுமாக நின்றான்.

தாள் திரும்பியது. கிராணியார் கழுத்து நீண்டது.

"அச்சொட்டா அர்ச்சுனன்தான்."

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லாமல் போக முடியாது. அர்ச்சுனன் வருஷக்கணக்காக ஒவ்வொரு விடியற்காலையும் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் இதே கிராணியார் மேசைக்கு முன்னால் நின்றவன். பெயரைக் கூப்பிட்டால் குரல் கொடுப்பான். குரல் வந்தால் கிராணியார் ஒரு புள்ளி வைப்பார். தலை நிமிராது. காய்ச்சலில் பல் கிட்டிக்கொண்டு நின்ற நாட்களிலும் குரல் வந்தது, புள்ளி விழுந்தது, தலை நிமிரவில்லை. ஒருமுறை நிமிர்ந்து பார்த்திருந்தால், அந்த முகம் மஞ்சளாகிப்போனது தெரிந்திருக்கும். மரத்துக்கு அனுப்பவேண்டியவன் அல்ல, ஆசுபத்திரிக்கு அனுப்பவேண்டியவன் என்பதும் தெரிந்திருக்கும். உயிரோடு எதிரே நின்றபோது பார்க்காத முகத்தைக் கரியில் கண்டு அச்சொட்டு என்றாரே, இதைச் சிரித்துக்கொண்டே எழுத எனக்கும் கொஞ்சம் சிரமமாகத்தான் இருக்கிறது.

கொட்டகையில் யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. கிராணியார் சொன்னதும் பின்வரிசைகளும் சொல்ல ஆரம்பித்தன. அதே நெற்றி என்றார் ஒருவர். அதே காது என்றார் மற்றவர். கங்காணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தம்பி கோபமாக இருக்கிறான், நான் என்ன செய்யட்டும் என்று கையை விரித்தார்.

அங்கம்மா எழுந்து வந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படத்துக்கு எதிரே நின்று வெகுநேரம் பார்த்தாள். அழுவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் கிராணியார் பக்கம் திரும்பினாள்.

"கிராணி ஐயா, நீங்க படிச்சவங்க. நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. இது எங்க வீட்டுக்காரருதானுங்களா?"

"அச்சொட்டா அவர்தான். சந்தேகமே வேண்டாம்."

"இந்தக் கோட்டு?"

"அவரின்ர கோட்டுத்தான்."

"மேசை, சாடியெல்லாம்?"

"ஓம், எல்லாம் அவரின்ரதான். அங்கை உள்ளதைத்தானே ஆவி காட்டும்."

அங்கம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். "உசிரோட இருக்கறப்ப சட்டைப் பொத்தான் அந்தாலும் நான்தாங்க தைக்கணும். இங்க கோட்டு மடிப்புக் கலையாம இருக்கு. மேசைக்குப் பின்னல் விரிப்புப் போட்டிருக்கு. பூ வாடாம இருக்கு. அவருக்கு அங்க யாருங்க இருக்கா?"

எல்லாருடைய கண்ணும் அந்த ரோஜாக்கள் மேல் போய் நின்றது. அதுவரை அது பூச்சாடியாக இருந்தது. இப்போது அது ஒரு பெண்பிள்ளையாகிவிட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து கிருஷ்ணம்மா என்பவள், யாரையும் பார்க்காமல், சாவகாசமாகச் சொன்னாள்:

"அந்த விரிப்பு ஆம்பளை போட்ட விரிப்பு மாதிரி தெரியலடி."

ஒருத்தி சிரித்தாள். சிரிப்பு முந்தானைகளுக்குள்ளே வரிசை வரிசையாகப் பரவியது.

"அவரு நல்லா இருக்கட்டும்," என்றாள் அங்கம்மா. "போன எடத்துல துணை தேடிக்கிட்டாரு, நான் ஒண்ணும் சொல்லல. அவரு ஒருத்தியோட இருக்கலாம், நான் மட்டும் கூடாதுன்னு மூஞ்சியச் சுளிச்சா, அது ஞாயமுங்களா? கங்காணியாரே, நீங்க சொல்லுங்க."

கங்காணி சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆம்பளை என்றால் அப்படித்தான் என்று ஆரம்பித்தவர், பெண்கள் பக்கத்தைப் பார்த்து, தம் வீட்டு மூன்றாம் மாதம் அத்தனை கண்களிலும் தெரிவதைக் கண்டு, பாதியில் விழுங்கிவிட்டார். படம் தம்பியுடையது அல்ல என்று சொல்லலாமா? சொன்னால் கோபமும் தம்பியுடையது அல்ல என்று ஆகிவிடும். சித்திரக்காரர் காதில் குனிந்து, அந்தப் பூவை அழித்துவிடு என்றார். முன்வரிசைக்கே கேட்டுவிட்டது. சதாசிவத்துக்குத் தொழில் ரோஷம் வந்துவிட்டது. ஆவி காட்டியதை மனிதன் அழிக்கக்கூடாது என்று உரக்கவே சொன்னார்.

சொல்லிவிட்டுக் கொட்டகையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். சதாசிவம் கெட்டிக்காரர். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், தாயைப் பறிகொடுத்தவர்கள், இனிமேல் படம் கேட்கப்போகிறவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கிற அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்தது. சட்டென்று கண்ணை மூடிக்கொண்டு, முகம் மாறுகிறது, ஆவியின் மனம் மாறுகிறது, ரொட்டி கொண்டுவாருங்கள் என்றார். ஆவிக்குப் பசிக்கிறது என்று நினைத்து யாரோ ரொட்டியைச் சீனி தொட்டுக் கொண்டுவந்து பயபக்தியோடு வைத்தார்கள். கரிக்கோட்டை அழிக்க ரொட்டித் துண்டுதான் தேவை என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? சதாசிவம் சீனியை ஊதித் தள்ளிவிட்டு, நெரிந்த புருவம் இரண்டையும் ரொட்டியால் துடைத்தெடுத்து, மேலே வளைவாக இரண்டு கோடு போட்டார். வாயின் இரு ஓரத்திலும் ஒரு சின்ன இழுப்பு. அர்ச்சுனன் சிரித்தான்.

கிராணியார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"இப்பத்தான் இன்னும் அச்சொட்டு."

பஞ்சாயத்தார் என்ன செய்வார்கள்? செத்தவன் சம்மதித்துவிட்டான், படித்தவர் அதற்குச் சாட்சி. புதன்கிழமை தோட்டத்துக் கோயிலில் மாலை மாற்றினார்கள். வியாழக்கிழமை லாரியில் ஐயாசாமி, அங்கம்மா, இருவருக்கும் நடுவில் குழந்தை. புறப்படுகிற நேரத்தில் அன்னலட்சுமி அம்மாள் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஓடிவந்து, புருஷன் நினைவாக இருக்கட்டும் என்று நீட்டினார். அங்கம்மா வாங்கிக்கொள்ளவில்லை.

"வேணாம்மா. எனக்கு அவரு மூஞ்சி ஞாபகம் இருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். லாரி போய்விட்டது. அந்த அம்மாள் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினாராம். வீட்டுக்குள் போய்க் கூடத்துச் சுவரில் இருந்த கோட்டுக்காரரையும் ஒருமுறை பார்த்தாராம். கிராணியார் அன்று மாலையே வேறொரு லயத்தில் படம் எழுதுகிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கிளம்பிவிட்டார்.

நான் சொல்லவந்தது இவ்வளவுதான். இந்த இனத்தைக் கண்டால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். குழந்தை பிறந்த வீட்டிலும் சாவு வீட்டிலும் இவர்களை முன்வரிசையில் உட்காரவைக்காதீர்கள். முக்கியமாக, கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிற எவனுக்கும் பக்கத்தில் இவர்களை விடாதீர்கள்.

இன்னும் ஒன்று. இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, உங்களுக்குத் தெரிந்த ஒருவர் நினைவுக்கு வந்திருப்பார். அடடே, இது நம் பக்கத்து வீட்டுக்காரரல்லவா, நம் ஆபீஸ் பெரியவரல்லவா, அப்படியே உரித்து வைத்திருக்கிறானே என்று தலையை ஆட்டியிருப்பீர்கள். வீட்டில் இருப்பவர்களைக் கூப்பிட்டுப் படித்துக்கூடக் காட்டியிருப்பீர்கள். உங்கள் பக்கத்து வீட்டுக்காரரை நான் பார்த்ததே இல்லை. ஏரம்பமூர்த்தி கறுப்பா சிவப்பா, குட்டையா நெட்டையா என்று ஒரு வரியாவது எழுதினேனா, திரும்பிப் போய்த் தேடிப் பாருங்கள். வெறும் முட்டைதான் போட்டேன். மூக்கும் முழியும் வைத்துச் சாயல் சொன்னது யார்?